48 அணி, 104 ஆட்டம்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி இது: "கிரிக்கெட் மட்டுமே பார்த்து வளர்ந்தவன் நான். 2026 கால்பந்து உலகக் கோப்பையை இந்த முறை ஒழுங்காகப் பின்தொடர ஆசை. 48 அணி, 104 ஆட்டம் என்கிறார்கள், அதில் பாதி நடுராத்திரியில். எங்கிருந்து தொடங்குவது? டல்லாஸில் அண்ணன் இருக்கிறார். நேரில் ஒரு ஆட்டமாவது பார்க்க வழி உண்டா?"

104 ஆட்டத்தையும் பார்க்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் சிரித்தபடி தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். வேலை, வீடு என்று இருக்கிற எவருக்கும் அது நடக்காத காரியம். எனக்கு 1990இலிருந்து இந்தப் பைத்தியம். அப்போது 24 அணி, 52 ஆட்டம்தான்; அதையே முழுசாகப் பார்த்ததில்லை. எதிர்வீட்டு டிவியில், தூர்தர்ஷன் புண்ணியத்தில் பார்த்த முதல் ஆட்டத்திலேயே கேமரூன் அணி, இரண்டு பேர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியும், மரடோனாவின் அர்ஜென்டினாவை 1-0 என்று சாய்த்தது. "அர்ஜென்டினா கதை முடிஞ்சுது" என்று எதிர்வீட்டு மாமா அறிவித்துவிட்டுப் பால்காரருக்குக் கூப்பன் எடுக்கப் போய்விட்டார். ஒரு மாதம் கழித்து இறுதி ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனிக்கு எதிரே வந்து நின்றது அதே அர்ஜென்டினா. தன் பிரிவில் மூன்றாவதாக வந்த அணி எப்படி இறுதிவரை போனது என்பது எனக்குப் புரிய அடுத்த உலகக் கோப்பை வரை ஆனது.

உங்களுக்கு அந்த நான்கு வருடம் வேண்டாம். இந்த உலகக் கோப்பையில் முதல் இரண்டரை வாரம் ருசிக்க வேண்டுமென்றால் மூன்றாம் இடத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். மெஸ்ஸி, எம்பாப்பே எல்லாம் தானாகக் கண்ணில் படுவார்கள்.

முதலில் சட்டகம். ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை அமெரிக்கா, மெக்சிகோ, கனடா என மூன்று நாடுகளில், 16 நகரங்களில் நடக்கிறது. 1998 முதல் 2022 வரை 32 அணிகள், இப்போதுதான் 48. நான்கு நான்காக ஏ முதல் எல் வரை 12 பிரிவுகள். ஒவ்வொரு அணிக்கும் பிரிவில் மூன்று ஆட்டம்: ஜெயித்தால் 3 புள்ளி, டிரா என்றால் 1. இப்படி 72 ஆட்டம். ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு அணிகள் நேராக நாக் அவுட்டுக்குப் போகும், அது 24. மீதி எட்டு இடம், மூன்றாவதாக வந்த 12 அணிகளில் சிறந்த எட்டுக்கு. ஆக 32 அணி, அதன்பிறகு தோற்றால் வீடு. நாக் அவுட்டில் 32 ஆட்டம், கோப்பையை ஜெயிக்க மொத்தம் எட்டு ஆட்டம் ஆட வேண்டும். முன்பு ஏழு. 42 அணிகள் 2025க்குள்ளேயே உறுதியாகிவிட்டன. மீதி ஆறு இடங்கள் 2026 மார்ச் மாத ப்ளேஆஃபுக்கு, அதாவது கடைசித் தகுதி ஆட்டங்களுக்கு, விடப்பட்டவை.

இனி அந்தப் பன்னிரண்டு பேர் கணக்கு. கிரிக்கெட்டில் நெட் ரன் ரேட் போட்டுப் பழகிய உங்களுக்கு இது கைவந்த கலை. மூன்றாவதாக வந்த அணிகளை ஒரே பட்டியலில் அடுக்குவார்கள்: முதலில் புள்ளி, அது சமமானால் கோல் வித்தியாசம் (அடித்ததில் வாங்கியதைக் கழித்தது), அதுவும் சமமானால் அடித்த கோல், அப்புறம் மஞ்சள், சிவப்பு அட்டைகளின் எண்ணிக்கை. ஒன்றுக்கொன்று மோதவே மோதாத அணிகள், வெவ்வேறு ஊரில், வெவ்வேறு நாளில் ஆடிவிட்டு இந்தப் பட்டியலில் வந்து முட்டிக்கொள்ளும். பன்னிரண்டில் எந்த எட்டு தேறும் என்பதற்கு 495 சேர்க்கைகள் உண்டு. எந்தச் சேர்க்கை வந்தால் யார் யாரோடு மோதுவது என்று முன்கூட்டியே அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். அதை மனப்பாடம் செய்ய முயலாதீர்கள், நானும் முயன்றதில்லை.

எத்தனை புள்ளி போதும்? ஐரோப்பிய நாடுகளின் 24 அணி ஆடும் யூரோ கோப்பையில் இதே விகிதம்தான்: ஆறு மூன்றாம் இடங்களில் நான்கு தேறும். அங்கே கண்டது, மூன்றாவதாக வந்து 4 புள்ளி வைத்திருந்தால் பயமில்லை. 3 புள்ளி என்றால் கோல் வித்தியாசத்தைப் பார்த்துக்கொண்டு சாமி கும்பிட வேண்டியதுதான். யூரோ 2024இல் ஹங்கேரி முதல் இரண்டு ஆட்டத்தையும் தோற்றுவிட்டு, ஸ்காட்லாந்துக்கு எதிராக 100ஆவது நிமிடத்தில் ஒரு கோல் அடித்து 3 புள்ளி சேர்த்தது. அப்புறம் மூன்று நாள் ஓட்டலில் உட்கார்ந்து மற்ற பிரிவுகளின் முடிவை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. கடைசி நாள் இரவு ஜார்ஜியா போர்ச்சுகலை 2-0 என்று ஜெயிக்க, ஹங்கேரி பெட்டி கட்டியது. அதே கோப்பையில் உக்ரைன் இருந்த பிரிவில் நான்கு அணிக்கும் 4 புள்ளி. உக்ரைன் நான்காவதாக வந்து வெளியேறியது. நான்காம் இடத்துக்கு எந்தச் சலுகையும் கிடையாது. அதே நேரம் யூரோ 2016இல் போர்ச்சுகல் மூன்று ஆட்டத்தையும் டிரா செய்து, மூன்றாவதாக உள்ளே நுழைந்து, கோப்பையையே தூக்கிக்கொண்டு போனது.

இதனால் நீங்கள் பார்க்கும் விதம் எப்படி மாறும்? ஓர் உதாரணம். இ பிரிவில் ஜெர்மனி, ஈக்குவடார், ஐவரி கோஸ்ட், கூடவே குராசாவ். வெனிசுலா கரைக்கு எதிரே இருக்கும் சின்னத் தீவு குராசாவ். மக்கள்தொகை சுமார் ஒன்றரை லட்சம், நம் காஞ்சிபுரத்தைவிடக் குறைவு. உலகக் கோப்பைக்கு வந்த நாடுகளிலேயே மக்கள்தொகையில் மிகச் சிறியது இதுதான். அதற்கு முன் அந்தப் பெயர் 2018இல் வந்த ஐஸ்லாந்துக்கு. முதல் ஆட்டமே ஜெர்மனியோடு. 70ஆவது நிமிடத்தில் ஜெர்மனி 2-0 என்று முன்னிலையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கிரிக்கெட் பழக்கத்தில் "முடிஞ்சுபோச்சு" என்று டிவியை அணைக்கத் தோன்றும். அணைக்காதீர்கள். குராசாவின் உண்மையான ஆட்டம் அந்த இருபது நிமிடம்தான். 0-2 என்று முடிந்தால், அடுத்த இரண்டில் ஒன்றை ஜெயித்துப் பட்டியலில் நிற்க வழி இருக்கிறது. 0-5 என்று போனால் கிட்டத்தட்ட இல்லை. அந்த நேரத்தில் ஒரு கோல் திருப்பி அடிக்க முன்னேறுவதா, பின்னால் அடைத்துக்கொண்டு நிற்பதா என்று பயிற்சியாளர் தவிப்பதை எல்லைக்கோட்டு ஓரத்தில் பார்க்கலாம். ஐந்தாவது மாற்று வீரராகத் தடுக்கும் டிஃபெண்டர் வருகிறாரா, கோல் அடிக்கும் ஃபார்வர்டு வருகிறாரா என்று கவனியுங்கள். விடை அங்கேயே இருக்கும்.

மஞ்சள் அட்டை வரை கணக்கு போகுமா என்று சந்தேகப்படுவீர்கள். போனது. 2018, ஜூன் 28, ரஷ்யாவின் வோல்கோகிராட். ஜப்பானும் போலந்தும் ஆடுகின்றன. அதே நேரம் சமாராவில் செனகலும் கொலம்பியாவும். போலந்து 1-0 என்று முன்னே போனது. சமாராவில் 74ஆவது நிமிடத்தில் கொலம்பியாவும் 1-0. இப்போது ஜப்பானுக்கும் செனகலுக்கும் புள்ளி சமம், கோல் வித்தியாசம் சமம், அடித்த கோலும் சமம், இருவரும் மோதிய ஆட்டம் 2-2. மிஞ்சியது அட்டை. ஜப்பான் வாங்கியது நான்கு, செனகல் ஆறு. ஜப்பான் பயிற்சியாளர் நிஷினோ ஒரு முடிவெடுத்தார்: தோற்றுக்கொண்டிருக்கும் தன் அணியைப் பந்தைப் பின்னாலேயே உருட்டச் சொன்னார். கடைசிப் பத்து நிமிடம் நான்கு டிஃபெண்டர்களும் ஒருவருக்கொருவர் பந்தைத் தள்ளிக்கொண்டு நின்றார்கள். போலந்துக்கும் அவசரமில்லை. அரங்கம் முழுக்கக் கூச்சல், சீட்டி. சமாராவில் செனகல் ஒரே ஒரு கோல் அடித்திருந்தால் ஜப்பான் அவமானத்தோடு வீடு திரும்பியிருக்கும். செனகல் அடிக்கவில்லை. அந்தப் பத்து நிமிடத்தைப் போல் அசிங்கமான கால்பந்தை நான் பார்த்ததில்லை. ஆனால் நாற்காலி நுனியில் உட்கார்ந்துதான் பார்த்தேன்.

கடைசிச் சுற்று ஆட்டங்களை ஏன் ஒரே நேரத்தில் நடத்துகிறார்கள் தெரியுமா? அதற்கும் ஒரு கதை உண்டு, இந்த வருடம் அந்தக் கதைக்கு ஒரு வால் முளைத்திருக்கிறது. 1982இல் ஸ்பெயினில் அல்ஜீரியா, மேற்கு ஜெர்மனியைத் தோற்கடித்து உலகத்தையே வாய்பிளக்க வைத்தது. தன் மூன்று ஆட்டத்தையும் முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தது. மறுநாள் கிகோன் நகரத்தில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. ஜெர்மனி ஒன்றோ இரண்டோ கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் இரண்டு அணிக்கும் அடுத்த சுற்று, அல்ஜீரியா வெளியே. பத்தாவது நிமிடத்தில் ஹ்ருபேஷ் ஒரு கோல் அடித்தார். அதன்பிறகு எண்பது நிமிடம் இரு அணியும் பந்தை அங்கும் இங்கும் உருட்டிப் பொழுதைப் போக்கின. அரங்கத்தில் அல்ஜீரிய ரசிகர்கள் பண நோட்டை ஆட்டிக் காட்டினார்கள். ஆனால் விதிப்படி எந்தத் தப்பும் இல்லை. அடுத்த உலகக் கோப்பையிலிருந்து ஒரே பிரிவின் கடைசி இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில் என்று விதி வந்தது.

இப்போது ஜே பிரிவைப் பாருங்கள்: அர்ஜென்டினா, அல்ஜீரியா, ஆஸ்திரியா, ஜோர்டான். கடைசிச் சுற்றில் அல்ஜீரியாவும் ஆஸ்திரியாவும் கன்சாஸ் சிட்டியில் மோதுகின்றன, ஜூன் 27 இரவு. லீக் சுற்று முடியும் கடைசி நேரம் அது. ஒரே நேரத்து விதி பிரிவுக்குள்தான் காப்பாற்றும். பிரிவுக்கும் பிரிவுக்கும் நடுவே காப்பாற்றாது. ஏ, பி, சி பிரிவுகள் ஜூன் 24இல் முடிந்துவிடும். அங்கே மூன்றாவதாக வந்த அணி ஹங்கேரி மாதிரி நகம் கடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஜே, கே, எல் பிரிவுகளில் இருப்பவர்களுக்கோ 27ஆம் தேதி களம் இறங்கும்போதே எத்தனை புள்ளி, எத்தனை கோல் போதும் என்று தெரிந்திருக்கும். ஒரு டிரா இரண்டு பேருக்கும் போதும் என்ற நிலை வந்தால் அல்ஜீரியாவும் ஆஸ்திரியாவும் என்ன செய்யும்? 44 வருடத்துக்கு முன்னால் ஏமாந்தவரும் ஏமாற்றியவரில் ஒருவரும் ஒரே மைதானத்தில். இதை யாரும் திட்டமிடவில்லை, குலுக்கலில் விழுந்தது. என்னைக் கேட்டால் லீக் சுற்றில் கட்டாயம் பார்க்க வேண்டிய ஆட்டம் இது. இந்தியாவில் ஜூன் 28 ஞாயிறு காலை ஏழரைக்கு, இட்லி சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம்.

நேரம் என்று வந்துவிட்டதால் கடிகாரத்தை முடித்துவிடுவோம். நியூயார்க் நேரத்தோடு ஒன்பதரை மணி கூட்டினால் நம் நேரம். அங்கே பகல் 12 என்றால் நமக்கு இரவு 9.30, பிற்பகல் 3 என்றால் நள்ளிரவு 12.30, மாலை 6 என்றால் விடியற்காலை 3.30, இரவு 9 என்றால் காலை 6.30. டல்லாஸ், ஹூஸ்டன், கன்சாஸ் சிட்டி நேரத்தோடு பத்தரை. லாஸ் ஏஞ்சலஸ், சியாட்டில், வான்கூவர் என்றால் பன்னிரண்டரை. மெக்சிகோ நகரங்களுக்குப் பதினொன்றரை. இலங்கைக்கு நம் நேரமேதான். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்கள் நம்மைவிட இரண்டரை மணி கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. ஜூலை 19 இறுதி ஆட்டம் என்று எங்கும் போடுவார்கள். நமக்கு அது ஜூலை 20 திங்கள் பிறந்த பிறகு, 12.30. அதாவது ஞாயிறு இரவு தூங்கக் கூடாது. 1994இல் ரோபர்ட்டோ பாஜியோ பெனால்டியை வானத்துக்கு அடித்த அந்த இறுதி ஆட்டம் நமக்கு ஜூலை 18 அதிகாலை ஒரு மணி. "பதினெட்டாம் தேதி" என்று காலண்டரில் வட்டம் போட்டு வைத்து, 18ஆம் தேதி இரவு ஃபிளாஸ்க்கில் காபி சகிதம் வந்து உட்கார்ந்த ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் சித்தப்பா. அவரிடம் யாரும் இன்றுவரை பாஜியோ பேச்சை எடுப்பதில்லை.

வேலைக்குப் போகிறவருக்கு என் யோசனை: 9.30 ஆட்டம், 6.30 ஆட்டம் இரண்டும் உங்களுடையவை. 12.30 ஆட்டத்தை வாரத்துக்கு இரண்டு, மூன்று என்று தேர்ந்தெடுங்கள். 3.30க்கு அலாரம் வைக்காதீர்கள். தூக்கமும் போகும், ஆட்டமும் பாதியில் கண்ணை மூடும்.

தேர்ந்தெடுக்க வழி: ஒரு பெரிய அணி, ஒரு சின்ன அணி, ஒரு முழுப் பிரிவு. பெரிய அணி யார் என்று நான் சொல்லத் தேவையில்லை, கேரள எல்லையோரத்தில் வளர்ந்தவரென்றால் பிறக்கும்போதே பிரேசில் அல்லது அர்ஜென்டினா என்று தீர்மானமாகியிருக்கும். புதிதாகத் தேடுகிறீர்கள் என்றால் பிரான்ஸ் ஆடும் ஐ பிரிவைப் பாருங்கள். ஜூன் 16 அன்று நியூ ஜெர்சியில் பிரான்ஸ், செனகல் மோதுகின்றன. 2002 உலகக் கோப்பையின் முதல் ஆட்டமும் இவர்களுடையதே: நடப்புச் சாம்பியன் பிரான்ஸ், அறிமுக அணி செனகல், பாபா பூபா டியோப் அடித்த கோலில் செனகல் 1-0. அதே பிரிவில் 1998க்குப் பிறகு முதல்முறையாக வரும் நார்வே. அதன் ஃபார்வர்டு எர்லிங் ஹாலண்ட் தகுதிச் சுற்றில் மட்டும் 16 கோல் அடித்தவர். பிரான்ஸின் எம்பாப்பே 2022 வரை உலகக் கோப்பைகளில் 12 கோல். அதிகபட்சம் ஜெர்மனியின் க்ளோசே அடித்த 16. எட்டு ஆட்டம் வரை போக முடிகிற அணியில் எம்பாப்பேவுக்கு அந்த இடைவெளி பெரிதில்லை.

சின்ன அணிக்குக் குராசாவ் சொல்லிவிட்டேன். முதல்முறை வருகிறவர்களில் கேப் வெர்டேயும் உண்டு: ஐந்து லட்சம் பேர் வாழும் தீவுக்கூட்டம், தகுதிச் சுற்றில் கேமரூனைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு வந்தது. உஸ்பெகிஸ்தானும் ஜோர்டானும்கூடப் புதுமுகங்கள்.

முழுப் பிரிவுக்கு என் ஓட்டு சி: பிரேசில், மொராக்கோ, ஸ்காட்லாந்து, ஹைத்தி. மொராக்கோ 2022இல் அரையிறுதிவரை போன முதல் ஆப்பிரிக்க அணி. ஹைத்தி 1974க்குப் பிறகு இப்போதுதான்; அன்று அவர்களுடைய சானோன், 1,100 நிமிடத்துக்கு மேல் கோலே விடாமல் இருந்த இத்தாலியின் டீனோ ஸோஃபைத் தாண்டிப் பந்தை வலைக்குள் போட்டார். ஸ்காட்லாந்தின் கதைதான் நம் மூன்றாம் இடத்துக்கு நேர் சம்பந்தம். எட்டு முறை உலகக் கோப்பைக்கு வந்து ஒருமுறைகூட முதல் சுற்றைத் தாண்டாத அணி. அதே 1974இல் பிரேசில், யூகோஸ்லாவியா, ஸ்காட்லாந்து மூன்றும் தங்களுக்குள் டிரா செய்துகொண்டன. அதே பிரிவில் இருந்த ஜைரேயை யூகோஸ்லாவியா 9-0, பிரேசில் 3-0, ஸ்காட்லாந்து 2-0 என்று ஜெயித்தன. ஒரு ஆட்டம்கூடத் தோற்காத ஸ்காட்லாந்து, கோல் வித்தியாசத்தில் பிரேசிலைவிட ஒன்றே ஒன்று குறைந்த பாவத்துக்கு வீடு திரும்பியது. இன்றைய விதி அன்று இருந்திருந்தால் மூன்றாம் இடத்தில் சிரமமில்லாமல் தேறியிருக்கும். இந்த முறை ஹைத்தியை எத்தனை கோல் வித்தியாசத்தில் ஜெயிக்கிறார்கள் என்று ஸ்காட்லாந்து முழுக்க விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பார்கள், பாருங்கள்.

ஆட்ட விதிகளைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். ஆஃப்சைடு மட்டும் தெரிந்தால் போதும்: சகவீரர் பந்தை உதைக்கும் அந்த நொடியில், எதிரணிப் பாதியில், பந்துக்கும் முன்னால், எதிரணியின் கடைசி இரண்டாவது ஆளுக்கும் முன்னால் நின்று ஆட்டத்தில் கலந்துகொண்டால் தவறு. அந்தக் கடைசி இருவரில் ஒருவர் பெரும்பாலும் கோல்கீப்பர். கோல் விழுந்ததும் துள்ளிக் குதிக்காமல் ஒரு நிமிடம் பொறுங்கள், விஏஆர் என்ற வீடியோ நடுவர் பார்த்துவிட்டு ரத்து செய்வது சகஜம். ஒவ்வொரு பாதியிலும் 22ஆவது நிமிட வாக்கில் தண்ணீர் குடிக்க மூன்று நிமிட இடைவேளை இந்த முறை எல்லா ஆட்டத்திலும் உண்டு, வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும். பயிற்சியாளர்களுக்கு அது இலவச டைம் அவுட்; இடைவேளைக்குப் பிறகு அணியின் வடிவம் மாறுகிறதா என்று கவனியுங்கள். 90 நிமிடத்தில் முடியும் என்றும் நினைக்காதீர்கள். 2022இல் இங்கிலாந்து, ஈரான் ஆட்டத்தில் கூடுதலாகச் சேர்த்த நேரம் மட்டும் 27 நிமிடம் ஆனது. இன்னொன்று இடி மின்னல். அமெரிக்காவில் மைதானத்துக்கு அருகே மின்னல் கண்டால் ஆட்டத்தை நிறுத்தி அரை மணி காத்திருப்பார்கள்; நடுவில் மறுபடி வெட்டினால் அரை மணி மறுபடி முதலிலிருந்து. 2025 கிளப் உலகக் கோப்பையில் செல்சி, பென்ஃபிகா ஆட்டம் இப்படிக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் நின்றது. 12.30 ஆட்டத்துக்கு உட்காருகிறவர்கள் அங்கத்திய வானிலையையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது.

நாக் அவுட் ஜூன் 28இல் தொடங்கும். ஜூலை 9 முதல் காலிறுதி, 14 டல்லாஸிலும் 15 அட்லாண்டாவிலும் அரையிறுதி. தரவரிசையில் முதல் நான்கு இடத்தில் இருந்த ஸ்பெயின், அர்ஜென்டினா, பிரான்ஸ், இங்கிலாந்து தத்தம் பிரிவில் முதலாவதாக வந்தால் அரையிறுதிக்கு முன் தங்களுக்குள் மோத முடியாதபடி பிரித்து வைத்திருக்கிறார்கள். ஸ்பெயினும் அர்ஜென்டினாவும் இறுதியில்தான் சந்திக்கலாம். அந்தப் பெரியவர்களில் ஒருவர் பிரிவில் இரண்டாவதாக வந்தால் கணக்கெல்லாம் தலைகீழ். ஸ்பெயினும் உருகுவேயும் எச் பிரிவில் சேர்ந்து இருப்பதை மறக்க வேண்டாம்.

டல்லாஸ் அண்ணனுக்கு வருவோம். உங்களுக்கு யோகம்தான். 16 நகரங்களில் அதிக ஆட்டம் அங்கேதான்: ஒரு அரையிறுதியும் சேர்த்து ஒன்பது. நெதர்லாந்து எதிர் ஜப்பான், இங்கிலாந்து எதிர் குரோஷியா, அர்ஜென்டினாவின் இரண்டு ஆட்டம் எல்லாம் அங்கே. கூரை போட்ட, ஏசி வைத்த அரங்கம் என்பதால் டெக்சஸ் வெயில் உள்ளே வராது. ஆனால் அரங்கம் இருப்பது டல்லாஸில் இல்லை, பக்கத்து ஊரான ஆர்லிங்டனில். வாசல்வரை ரயில் கிடையாது. அண்ணனின் கார்தான் சுலபம், அதற்கும் பார்க்கிங் இடத்தை முன்பே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பாஸ்டன் ஆட்டம் ஃபாக்ஸ்பரோவில், நியூயார்க் ஆட்டம் நதிக்கு அப்பால் நியூ ஜெர்சியில், சான் பிரான்சிஸ்கோ ஆட்டம் சாண்டா கிளாராவில் என்று பல இடத்திலும் இதே கதை. ஊர்ப் பெயரை நம்பி ஓட்டல் போடாதீர்கள்.

உங்களுக்குப் பெரிய தடை விசா. கையில் டிக்கெட் இருப்பது விசாவுக்கு உத்தரவாதம் ஆகாது. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவிடமிருந்து நேரடியாக டிக்கெட் வாங்கியவர்களுக்கு நேர்முகத் தேதி சீக்கிரம் கிடைக்க ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். தேதிதான் சீக்கிரம், முடிவு அதிகாரி கையில். ஏற்கெனவே அமெரிக்க விசா இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதை வைத்தே மெக்சிகோவுக்கும் தனி விசா இல்லாமல் போகலாம். கனடாவுக்குத் தனியாக வாங்க வேண்டும். டிக்கெட் விலை கிராக்கிக்கு ஏற்ப ஏறும், இறங்கும். மறுவிற்பனைக்கு ஃபிஃபாவின் சொந்தத் தளம் இருக்கிறது. விற்பவரிடமும் வாங்குபவரிடமும் ஆளுக்கு 15 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். வயிறு எரியும், ஆனாலும் வெளியே வாங்கி ஏமாறுவதற்கு இது மேல். அர்ஜென்டினாவுக்கு ஆசைப்படாமல் ஜப்பான் ஆட்டத்துக்கு முயன்று பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் ஜப்பான் ரசிகர்கள் நீலப் பையை எடுத்து, உட்கார்ந்த இடத்துக் குப்பையைப் பொறுக்கிவிட்டுப் போவதையும் நேரில் பார்க்கலாம்.

கடைசியாக ஒரு கைவேலை. ஒரு முழு வெள்ளைத்தாளில் பன்னிரண்டு வரி போட்டு, ஏ முதல் எல் வரை எழுதி, புள்ளி, கோல் வித்தியாசம், அடித்த கோல், அட்டை என்று நான்கு கட்டம் பிரித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள். ஜூன் 24 இரவிலிருந்து 28 காலை வரை அழித்து அழித்து எழுத வேண்டியிருக்கும்.